உப்புண்ட எழுதுகோல்கள்

ஆடித் திங்களின் நடுப்பகலில், மேற்கே காய்ந்து கிடந்த மேட்டுநிலங்களிலிருந்து எழுந்த கச்சான் காற்று, சேனைப்புனங்களின் செம்புழுதியை வாரி, மண்டூர்க் கோயிலைச் சூழ்ந்த மரங்களைப் புரட்டி, வாவியின் நீர்த்தோலைக் கீறி, எதிர்க்கரை வீடுகளின் முற்றங்களில் தன் சுமையைக் கொட்டியது. ஞாயிறு படும் பக்கம் படுவான்கரை. எழும் பக்கம் எழுவான்கரை. அவ்வாறே பெயரிட்டு வழங்கினர் அந்நிலத்து முன்னோர். இருகரைக்கும் நடுவே, உப்பும் நன்னீரும் கலந்த வாவி, எவர் வழக்கிலும் சான்று சொல்ல விரும்பாத அண்டைவீட்டாரைப் போலப் பேசாமல் கிடந்தது. இரும்பு மிதவைகளின்மேல் பலகை பரப்பி அமைத்த ஓடமொன்று, 'பாதை' என ஊரார் நாவில் பெயர் பெற்றது, மாந்தரையும் மிதிவண்டிகளையும் நெல்மூட்டைகளையும் சுமந்து கரைக்குக் கரை ஊர்ந்தது. அறிவுடையீர், அன்று அக்காற்று கிழக்கே சுமந்து சென்றவற்றுள் கண்ணுக்குப் புலப்படாத சுமை ஒன்றும் இருந்தது. அதற்கு உரியவள் படுவான்கரையில் வாழ்ந்த கேதீஸ்வரி. அது சென்று சேர வேண்டிய இடம் எழுவான்கரையில் அவள் தங்கை தக்ஷாயினியின் வீடு.

கேதீஸ்வரிக்கு அகவை நாற்பத்திரண்டு. கணவன் கட்டார் நாட்டில் சுமையுந்து ஓட்டினான். அவளோ சோளப்பொத்தியின் தண்டைக் கடைந்து எழுதுகோல் செய்தாள். மணியை உதிர்த்தபின் அடுப்புக்கு எறியப்படும் அத்தண்டு எழுதுகோலாகும் என்று அவள் முதலிற் சொன்னபோது நகைக்காதவர் அவ்வூரில் இலர். அவள் சேனைப்புனத்தில் சோளம் விதைப்போரிடம் பருத்த தண்டுகளாகப் பொறுக்கி வந்து, தன் அடுப்புக்குமேல் மூங்கிற் பரண் கட்டி, மூன்று திங்கள் புகையில் கிடத்தினாள். உலர்ந்த தண்டு இறகின் எடையே உடையது. உளி பட்டால் பொடிந்துவிடும். ஆகவே அதைச் சாண் நீளத்துக்கு அறுத்து, கண்ணாடிக் குடுவையில் இட்டு, நீர்போல் மெலிந்த பிசினை மேலே ஊற்றி, பழுதான குளிர்ப்பெட்டியிலிருந்து கழற்றிய உறிஞ்சுபொறியால் குடுவையின் காற்றை இழுத்தாள். நுண்ணறைகளில் ஒளிந்திருந்த காற்றெல்லாம் குமிழிகளாய்ப் பொங்கி வெளியேற, அவ்விடங்களிற் பிசின் புகுந்தது. பின்னர் தகரப்பெட்டியில் இளஞ்சூட்டில் வைத்தெடுக்க, நொய்தானது கல்லாயிற்று. நடுவே துளையிட்டுப் பித்தளைக் குழல் செருகி, 'லேத்' என ஊரார் சொல்லும் கடைசற்பொறியிற் பூட்டிச் சுழற்றி, உளியை மெல்லச் சாய்த்தபோது, மேற்புறம் சுருள் சுருளாய் உதிர, உள்ளிருந்து தேனடையின் கண்கள் போலவும் உடும்பின் தோல் போலவும் பொன்னும் செம்மையும் கலந்த வரிசைகள் எழுந்தன. ஒரு தண்டில் எழுந்த வடிவம் மற்றொன்றில் எழுந்ததில்லை. நகைத்தவர்கள் அதன்பின் விலை கேட்டார்கள்.

ஆயினும் இத்தொழிலுக்கு நடுங்காத பொறி வேண்டும். பொறி மயிரளவு நடுங்கினாலும் தண்டின் சோறு பிய்ந்து பறக்கும். கேதீஸ்வரியிடம் இருந்த சிறுபொறி நடுங்கியது. பத்துக் கடைந்தால் ஐந்து தேறும். நடுங்காத பொறி ஒன்று இருந்தது. அது அவள் தந்தை இளையதம்பி கட்டிற்கால்களும் தொட்டிற்கம்புகளும் கடைந்த பேரிரும்புப் பொறி. அது இருந்த இடம் தங்கையின் வீடு.

அந்நிலத்தில் வீடு மகளிர்க்கே உரியது. மூத்தவளுக்குப் படுவான்கரையில் புதுவீடு கட்டிக்கொடுத்த தந்தை, தாம் வாழ்ந்த எழுவான்கரை வீட்டை இளையவளுக்கு எழுதிவைத்தார். 'வீடும் வளவும் அதில் ஊன்றி நின்றவையும்' என்பது உறுதிப்பத்திரத்தின் சொல். உளிகள் ஊன்றி நில்லாதவை. ஆதலால் மூத்தவள் அவற்றை எடுத்துக்கொள்ள எவரும் தடை சொல்லவில்லை. பொறியோ நான்கு காலும் சாந்துத் தரையில் புதையுண்டு நின்றது. ஆதலால் வீட்டோடு போயிற்று. தந்தை இருந்தவரை கேதீஸ்வரி நாள்தோறும் வாவி கடந்து வந்து அப்பொறியில் உழைத்தாள். அவர் மறைந்து முப்பத்தோராம் நாள் அன்னம் பரிமாறி முடித்த கையோடு, தக்ஷாயினியின் கணவன் உதயரூபன் பந்தியின் நடுவே எழுந்து நின்று சொன்னான்:

"லேத்தும் கடலும் பொம்புளைக்குச் சரிவராது மச்சாள். அந்த உளியளையும் இஞ்ச தாங்க. மாமாட சாமானெல்லாம் ஒரு இடத்தில கிடக்கட்டும்."

"உளியைத் தரலாம்," என்றாள் கேதீஸ்வரி. "கைய ஆர் உங்களுக்குத் தாற?"

பந்தி சிரித்தது. அச்சிரிப்பை உதயரூபன் மறக்கவில்லை. மீன்பிடி வீட்டில் பிறந்து வலைமுடிச்சில் விரல் பழகியவன் அவன். கை இல்லாதவன் அல்லன். ஓராண்டுக்குள் சந்தையில் வேறு உளிகள் வாங்கி, அவள் செய்த எழுதுகோல் ஒன்றை அறுத்துப் பிளந்து, உள்ளமைப்பை அறிந்து, தானும் சோளத்தண்டைக் கடையத் தொடங்கினான். நடுங்காத பொறி அவனுடையது. ஆதலால் அவன் எழுதுகோல்கள் அவளுடையவற்றினும் வழுவழுப்பாக இருந்தன. இதனை அறிந்த நாள்முதல், உலையில் ஊதப்படும் கரியைப்போல, கேதீஸ்வரியின் நெஞ்சில் பகை கனன்றது. அவனை அவள் உறவுமுறை சொல்லி அழைப்பதை விட்டாள். ஐந்து ஆண்டுகள் 'நீ' என்றும் 'அவன்' என்றுமே நடந்தன.

இந்நிலையில்தான், ஊரார் 'காக்கா' என அண்ணன்முறை சொல்லி அழைக்கும் காத்தான்குடி வணிகர் மஜீட், இருவரையும் தம் கடைக்கு அழைத்தார். பாசிக்குடாவில் புதிதாய் எழுந்த கடற்கரை விடுதி ஒன்று, தன் அறைகளில் வைக்க ஆண்டுக்கு ஆயிரம் சோள எழுதுகோல் வேண்டுமென்று அவரிடம் கேட்டிருந்தது. கடையின் ஒருபுறம் கேதீஸ்வரி, மறுபுறம் உதயரூபன், நடுவே, எப்பக்கம் சாய்வதென்று அறியாமல் தக்ஷாயினி.

"ஒரே குடும்பம், ஒரே சாமான்," என்றார் மஜீட், தேநீரை இருவர் முன்னும் நகர்த்தி. "சேந்து செஞ்சா என்னகா?"

"பாம்பும் கீரியும் சேந்து வயல் செய்யுமா காக்கா?" என்றாள் கேதீஸ்வரி.

"ஆர் பாம்பு எண்டத மச்சாள் சொல்லல்லியே," என்றான் உதயரூபன்.

"தோல் உரிக்கிறது ஆரெண்டு ஊருக்குத் தெரியும். என்ட பேனையை அறுத்துத் தோல் உரிச்சுத்தானே நீ தொழில் படிச்ச."

"ஓம், அறுத்துப் பாத்தன். உள்ளுக்க ஒண்டும் இருக்கல்ல. வெறும் சோளன்."

மஜீட் வாய்விட்டுச் சிரித்துப் பின் கையை உயர்த்தினார். "போதும். ரெண்டு பேரும் அம்பது அம்பது செஞ்சு கார்த்திகை பிறக்கக் கொண்டாங்க. என்ட கடை முகப்பில, காத்துப் படுற இடத்தில, நாப்பது நாள் கிடக்கட்டும். பேனை எழுதுமா எண்டது ஒரு நாளில தெரியும். நிக்குமா எண்டது மாரி மழையிலதான் தெரியும். ஆருட பேனை நிக்குதோ அவருக்கு வேலை."

அப்போது, அதுவரை வாய்திறவாத தக்ஷாயினி பேசினாள். "அப்ப நானும் ஒண்டு சொல்றன். காக்கா, நீங்க சாட்சி. ஆருக்கு வேலை கிடைக்குதோ அவங்களுக்கே அப்பாட லேத். அக்கா எண்டா அக்கா கொண்டு போகட்டும். இவர் எண்டா மறுகா ஆரும் அதப்பத்திக் கதைக்கப்படாது. உங்க ரெண்டு பேருக்கும் நடுவில நானெல்லோ கடைபட்டுச் சாகிறன்."

"உறுதியில பேர் உன்டதானே, சொல்லு," என்றான் உதயரூபன், தோல்வியை எண்ணாதவனாய். கேதீஸ்வரி தலையசைத்தாள். அவள் கேட்டது ஆயிரம் எழுதுகோல் என்ற சொல்லையன்று. லேத் என்ற ஒரு சொல்லையே கேட்டாள்.

ஆவணியில் தந்தையின் ஆண்டு நினைவுநாள் வந்தது. அன்று கேதீஸ்வரி வாவி கடந்து தங்கை வீட்டுக்குப் போனாள். படையல் முடிந்து, கைகழுவக் கிணற்றடிக்குச் சென்றவள், வளவின் பின்புறம் மீன் உலர்த்தும் பரணைக் கண்டு நின்றாள். பரணின்மேல் கருவாடு இல்லை. சோளத்தண்டுகள், கருவாட்டைப் போலவே நெருக்கி அடுக்கப்பட்டு, வெயிலில் வெண்மை பூத்துக் கிடந்தன. கீழே பெருமண்சாடியில் உப்புநீர். நீரில் மேலும் சில தண்டுகள் மிதந்தன.

உதயரூபன் செய்தது என்னவென்று அவளுக்கு ஒரு நொடியில் விளங்கிற்று. மீனைக் கெடாமற் காப்பது உப்பு. எனவே தண்டைப் புழு அரியாமற் காப்பதும் உப்பே என்று, தன் குலத்தொழிலின் அறிவை இத்தொழிலில் ஏற்றி, தண்டுகளை உப்பில் ஊறவைத்து உலர்த்தினான் அவன். வாவிக்கரையில் வளர்ந்த எவர்க்கும் தோன்றக்கூடிய எண்ணம் அது. அவளுக்கு மட்டும் தோன்றாதிருக்குமா? எட்டு ஆண்டுகளுக்கு முன்னர், இதே வளவில், இதே பரணில், இதே பிழையை அவளும் செய்திருந்தாள்.

அப்போது உலர்ந்த தண்டுகள் கல்போல் ஒலித்தன, புழு அண்டவில்லை, அவள் மகிழ்ந்து இரண்டு எழுதுகோல் கடைந்தாள். மாரி வந்தது. உப்பு தான் பிறந்த ஈரத்தைத் தேடி உறிஞ்சியது. உள்ளே பித்தளை பச்சை பூத்துப் பருத்தது. பிசின் ஏறிய உடல் நீளவாக்கிற் பிளந்தது. கட்டிற்காலை மட்டுமே தொழிலென்று கருதிய தந்தை கண்டால் எள்ளி நகையாடுவார் என்று அஞ்சி, அவள் அவ்விரண்டையும் கந்தையிற் சுற்றி, பொறியின் உட்குழிந்த இரும்புக்காலின் இடுக்கில் திணித்து மறைத்தாள். எவரிடமும் சொல்லவில்லை. அதன்பின்னரே அடுப்புப் புகையை நாடினாள். நாளடைவில் அவ்விரண்டையும் மறந்தும் போனாள்.

கிணற்றடியில் நின்ற அவள் நெஞ்சில் இரு வழிகள் தெரிந்தன. வாளாவிருந்தால் அவன் தோற்பான், பொறி வரும். ஆனால் அவள் பரணைக் கண்டதைத் தக்ஷாயினி கண்டிருந்தாள். கண்டும் சொல்லாதவள் என்ற பழி ஒருநாள் எழும். அப்பழியோடு பெற்ற பொறியில் நிம்மதியாகக் கடைய முடியாது. சொன்னாலோ, அவன் திருந்துவான். நடுங்காத பொறியில் கடைந்த அவன் ஐம்பதும் மழையை வெல்லும். பொறி என்றென்றைக்கும் கைவிட்டுப் போகும். கிணற்றுக் கட்டில் இருந்த காகம் பறந்து போகும்வரை அவள் நின்றாள். பின்னர் அவ்விரு வழிகளுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று, புல்லுக்குள் பாம்பு நெளிவது போல, மெல்லத் தெரிந்தது. அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

பொழுது சாயுமுன், நினைவுநாளுக்கு வந்த உறவினர் பலரும் துறையிற் பாதைக்காகக் காத்து நின்றனர். ஓட்டி அழகரத்தினம் பாதையின் பொறியை முடுக்கிக்கொண்டிருந்தார். விருந்தினரை வழியனுப்ப வந்த உதயரூபனும் அங்கே நின்றான். கேதீஸ்வரி எல்லோரும் காண அவன் முன் சென்று, ஐந்தாண்டுகளாக அவன் கேட்டறியாத குரலில், தேனில் தோய்த்தெடுத்த குரலில், முகமெல்லாம் கனிவு பரப்பிச் சொன்னாள்:

"மச்சான், ஒரு கதை. நீங்க உப்பில போட்ட தண்டெல்லாத்தையும் வாவியில கொட்டிருங்க. உப்பு ஈரத்த இழுக்கும். பித்தள பச்ச பூக்கும். மழைக்குப் பேனை வெடிக்கும். நான் பொய் சொல்லல்ல. என்ட பரணில புகையில காஞ்ச தண்டு நூறு கிடக்கு. அம்பது உங்களுக்குத் தாறன். நாளைக்கு வந்து எடுங்க, என்ன?"

பாதையின் பொறி உறுமியது. உதயரூபன் அவளை மேலுங்கீழும் நோக்கினான். 'மச்சான்' என்ற சொல் அவன் செவியில் பாம்பின் சீறலாய் விழுந்தது.

"பூனை எலிக்கு மருந்து சொல்லுது," என்றான். "உங்கட பரணில காஞ்ச தண்டா? அதுக்குள்ள என்னத்த ஊத்தி வச்சிருக்கீங்களோ ஆருக்குத் தெரியும். ஏன் மச்சாள், என்ட உப்பப் பாத்து வயித்தக் கலக்குதா?"

"சொல்றது நல்லதுக்குத்தானே மனே," என்றார் அழகரத்தினம். "ஒள்ளுப்பம் கேளன்."

"இவ எனக்கு நல்லது சொல்ற அண்டைக்கு இந்த வாவி வத்திரும் அண்ணன்!" என்று உரக்கச் சிரித்து, வீட்டுப்பக்கம் திரும்பிக் கூவினான்: "தக்ஷி! சாடிக்குள்ள இன்னும் ரெண்டு சுண்டு உப்புப் போடு!"

கூடி நின்றோர் உச்சுக்கொட்டினர். கேதீஸ்வரி முகத்தின் கனிவு கலையாமல், பாதையில் ஏறினாள். அவள் சொன்னவற்றுள் பொய் ஒன்றும் இல்லை. தருவதாகச் சொன்ன ஐம்பது தண்டும் உண்மையிலேயே பரணில் இருந்தன. அவன் வந்திருந்தால் எண்ணிக் கொடுத்திருப்பாள். அவன் வரமாட்டான் என்பது மட்டுமே அவள் சொல்லாதது.

அதன்பின் வந்த நாள்களில் அவளுக்கு உறக்கம் குறைந்தது. குற்றவுணர்வால் அன்று, அச்சத்தால். சீறிப் பேசியவன் தனிமையில் எண்ணிப் பார்த்தால்? ஒரு தண்டை எடுத்து நுனிநாக்கில் வைத்து, உப்பின் வேலையை உய்த்துணர்ந்தால்? உண்மை என்பது தூண்டிலில் கோத்த உயிர்ப்புழு; சிலவேளை மீனைப் பிடிக்காமல் தானே நழுவிப் போய்விடும். ஆகவே துறைக்கு வருந்தோறும் அழகரத்தினத்திடம் மெல்லக் கேட்பாள்: "அங்கால எப்பிடி அண்ணன், நம்மட மச்சான்ட வேலை?" அவர், "உப்பும் கையுமாத்தான் நிக்கான்கா. நீ சொல்லியும் கேக்கல்லியே," என்று வருந்துவார். அவர் வருந்த வருந்த அவள் உள்ளம் குளிர்ந்தது. தன் பங்குக்கு, நடுங்கும் சிறுபொறியில் நூறு தண்டு கடைந்து ஐம்பதைத் தேற்றினாள். விரல்நுனிகள் பிளந்தன.

கார்த்திகை பிறந்தது. நூறு எழுதுகோல்களும் மஜீடின் கடை முகப்பில், இரு மரத்தட்டுகளில், அருகருகே வைக்கப்பட்டன. கண்டோர் எல்லாம் உதயரூபனின் தட்டையே புகழ்ந்தனர். அதன் வழுவழுப்பு அத்தகையது. பின்னர் வானம் உடைந்தது. வடகீழ்க் காற்று கடலின் ஈரத்தைப் பிழிந்து தெருவெங்கும் தூவியது. வயல்வட்டைகள் வெள்ளக்காடாயின. சுவர்கள் வியர்த்தன. நாற்பது நாளும் தட்டுகளை எவரும் தொடக்கூடாதென்று மஜீட் கட்டளையிட்டிருந்தார்.

நாற்பத்தோராம் நாள் முற்பகல் மூவரும் வந்தனர். மஜீட் முதலில் கேதீஸ்வரியின் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடதாசியில் தம் பெயரை எழுதினார். மை ஒழுங்காய் ஓடியது. அடுத்து உதயரூபனின் தட்டில் ஒன்றை எடுத்து மூடியைத் திருகினார். விறகு வெடிப்பது போன்ற சிற்றொலி எழுந்தது. எழுதுகோல் அவர் விரல்களுக்கிடையே நீளமாய்ப் பிளந்து, உள்ளிருந்த குழலின் பச்சைக் களிம்பு வெண்சட்டையின் கைநுனியிற் படிந்தது. மற்றொன்றை எடுத்தார். அது முன்னரே பிளந்திருந்தது. ஐம்பதில் நாற்பத்தாறு, ஆற்றுச்சேற்றில் வெயில் கீறிய வெடிப்புப்போல, மேலிருந்து கீழ்வரை கீறுண்டு கிடந்தன.

பின்னர் தக்ஷாயினி தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா சொன்னாவே! துறையில நிண்டு, ஊர் கேக்கச் சொன்னாவே! தன்ட தண்டையும் தாறன் எண்டாவே! கேட்டீங்களா நீங்க? கேட்டீங்களா?"

"எதிராளிக்கும் புத்தி சொல்ற மனசு எத்தின பேருக்கு வரும்?" என்றார் மஜீட். "அல்லாஹ் உனக்கு பரக்கத் தரட்டும்கா. வேலை உனக்குத்தான்."

கேதீஸ்வரி தலை தாழ்த்தி நின்றாள். அங்கிருந்தோர் அதனை அடக்கம் என்று கொண்டனர். உதயரூபன் மட்டும், பிளந்த எழுதுகோலைக் கையில் வைத்து, அவள் முகத்தை நோக்கியபடி நின்றான். அவன் கண்ணிற் சினம் இல்லை. விடுகதைக்கு விடை தேடுபவனின் கண் அது.

அச்செய்தி பாதையேறி இருகரைக்கும் பரந்தது. துறையில் அவள் காதுபடவே பெண்டிர் பேசிக்கொண்டனர்: இத்தனை இழிவு பொறுத்தும் பகைவனுக்கு நன்மை சொன்னவள் என்றனர். தங்கள் மருமக்களுக்கு அவளை எடுத்துக்காட்டினர். அப்புகழ்ச்சி ஒவ்வொன்றும் கேதீஸ்வரியின் நெஞ்சில், தேய்க்கும் தாளைப் போல, ஏதோ ஒன்றைத் தேய்த்துச் சென்றது. அவள் அதனைப் பொருட்படுத்தவில்லை. பொறி வரப்போகிறது.

தை மூன்றாம் நாள், மழை ஓய்ந்த முற்பகலில், பொறி வந்தது. தரையின் சாந்தைத் தானே இரு நாள் உடைத்து, நான்கு கால்களையும் தானே பெயர்த்து, வேறெவரும் தொட விடாமல் உதயரூபன் அதனை உழுபொறியின் இழுவைப்பெட்டியில் ஏற்றிப் பாதைக்குக் கொண்டுவந்திருந்தான். கட்டிய கயிற்றின் நுனி அவன் கையில் இருந்தது. எதிரே கேதீஸ்வரி. பின்புறம் அழகரத்தினம், ஓடத்தின் பொறியோசையில் எதையும் கேட்க இயலாதவராய், சுக்கானைப் பிடித்திருந்தார். வாவியின் நடுவே வந்தபோது உதயரூபன் மடியிலிருந்து கந்தைச் சுருள் ஒன்றை எடுத்து அவிழ்த்தான். உள்ளே இரண்டு சோள எழுதுகோல்கள். உடல் பிளந்தவை, பச்சை பூத்தவை.

"லேத்தின்ட காலுக்குள்ள இருந்திச்சு," என்றான். "என்ட இல்ல. நான் பேனை செய்யத் தொடங்க முந்தியே வெடிச்ச சாமான்."

கேதீஸ்வரி வாவியை நோக்கினாள்.

"மூண்டு கிழமையா யோசிச்சன். இவ ஏன் சொன்னா, ஏன் சொன்னா எண்டு. இப்பதான் விளங்கிச்சு. நீங்க சொன்னதில ஒரு சொல்லும் பொய்யில்ல மச்சாள். நான் கேக்கப்படாது எண்டுதான் சொன்னீங்க. அஞ்சு வருசமா 'நீ' எண்ட நீங்க அண்டைக்கு 'மச்சான்' எண்டீங்க. அந்த ஒரு சொல்லுலதான் நான் வெடிச்சன்."

"கயித்த விடப் போறியா?" என்றாள் அவள். பொறி பெட்டியின் விளிம்பில் சாய்ந்து நின்றது. கயிறு நழுவினால் இரும்பு முழுவதும் வாவிக்கு உணவாகும்.

"ஏன் விடுறன்? எடுத்துப் போங்க. உழைச்சு எடுத்தது."

"அப்ப போய்ச் சொல்லு, ஊரெல்லாம் சொல்லு. ஆர் உன்னத் தடுத்த?"

அவன் சிரித்தான். அச்சிரிப்பில் நகை இல்லை. "சொன்னா ஆர் நம்புவாங்க? தோத்தவன் வயித்தெரிச்சலில கதைக்கான் எண்டுவாங்க. இந்த ரெண்டையும் நானே செஞ்சு வச்சிட்டுக் கதை சோடிக்கிறன் எண்டுவாங்க. என்ட பொஞ்சாதியே நம்பமாட்டாள். உண்மை இருக்கு, ஆனா நம்ப ஆளில்ல. நீங்க எனக்குச் செஞ்ச அதே வேலையைக் கடவுள் எனக்குத் திருப்பியும் செஞ்சிட்டார். இந்தாங்க, உங்கட சாமான்."

கந்தையை அவள் மடியில் வைத்தான். அவள் அதை நீரில் எறியக் கையை உயர்த்திய வேளையில் கரை நெருங்க, பொறியோசை அடங்கியது. அழகரத்தினம் எட்டிப் பார்த்தார்.

"என்னகா அது? இளையதம்பியண்ணன்ட காலத்துச் சாமானா?"

"ஓம் அண்ணன்," என்றாள் கேதீஸ்வரி. "பழைய சாமான்."

"எறிஞ்சு போடாத, வச்சிரு. நல்ல மனுசியளுக்குத்தான் அப்பன்ட சொத்துக் கிறுகி வரும்."

உயர்த்திய கை தாழ்ந்தது.

பொறி அவள் வீட்டின் புதிய சாந்துத் தரையில் நான்கு காலும் ஊன்றி நின்றது. பிரிந்திருந்த உளியும் பொறியும் ஒன்றாயின. திங்கள்தோறும் பாசிக்குடாவுக்கு எழுதுகோல்கள் போயின. எதுவும் நடுங்கவில்லை, எதுவும் பிளக்கவில்லை. அவ்விரண்டு பச்சைப் பிளவுகளும், சாந்து ஊற்றுமுன் அவள் கையாலேயே வைக்கப்பட்டு, பழைய இரும்புக்காலின் இடுக்கில் மீண்டும் உறைந்தன. எறிந்திருக்கலாம், அடுப்பில் இட்டிருக்கலாம். ஏன் அங்கு வைத்தாள் என்று கேட்டால் அவளுக்கும் விடை தெரியாது.

உதயரூபன் மீண்டும் வலைக்குத் திரும்பினான். துறையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருப்பவன், அவள் பாதையிலிருந்து இறங்குந்தோறும், கூடியிருப்போர் அனைவரும் கேட்கத் தலைநிமிர்ந்து, தேனில் தோய்த்தெடுத்த குரலில், முகமெல்லாம் கனிவு பரப்பி அழைப்பான்: "வாங்க மச்சாள், சுகமா இருக்கீங்களா?" அவளும் அதே குரலில், "சுகம் மச்சான்," என்பாள். கேட்ட ஊரார் மகிழ்ந்தனர். பெரும்பகை ஒன்று அன்பாய்க் கனிந்தது என்று இருகரையிலும் சொல்லிக்கொண்டனர். தக்ஷாயினி மண்டூர் முருகனுக்கு நேர்த்தி செலுத்தினாள்.

அறிவுடையீர், பொய்யுரைத்துக் கெடுத்தவனுக்கு, ஒருநாள் தன் பொய் வெளிப்படும் என்ற அச்சமாவது துணையிருக்கும். மெய்யுரைத்துக் கெடுத்தவளுக்கு அத்துணையும் இல்லை. அவளுடைய மெய் என்றும் மெய்யாகவே நிற்கும், ஊர் என்றும் அவளைப் புகழும். இவ்வுலகில் அவளை உள்ளபடி அறிந்தவன் ஒருவனே. அவன் எதிர்க்கரையில் இருந்தான். மாலைதோறும் ஞாயிறு அவள் பக்கம் படிந்தது. காலைதோறும் அவன் பக்கம் எழுந்தது. நடுவே வாவி, உப்பை ஒருசிறிதும் இழக்காமல், இருவரையும் கேட்டபடி கிடந்தது.